மாத்திரை அறிந்த மருத்துவர்

தமிழில் மாத்திரை என்னுஞ் சொல் இரண்டு இடங்களிற் பெருவழக்காய் வழங்குகின்றது. மருத்துவன் நோயாளிக்கு அளந்து கொடுப்பது ஒரு மாத்திரை. கண் இமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் கருவியாகக் கொண்டு இலக்கண நூலார் எழுத்தின் ஓசைக்கு வகுத்தது மற்றொரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நம் சிறாரும் அறிந்தது. இரண்டுக்கும் அடியில் நிற்பது அளவு என்னும் ஒரு பொருளேயாம். இவ்விரு மாத்திரைகளையும் ஒருங்கே கையாண்டவர் ஒருவர், சேக்சுப்பியர் வாழ்ந்த அதே காலத்தில், அதே இலண்டன் மாநகரில் இருந்தார். தொமஸ் கம்பியன் என்பது அவர் பெயர். நோய் தீர்ப்பது அவர் தொழில். பாட்டியற்றுதலும், அப்பாட்டுக்குத் தாமே பண் அமைத்தலும், அரசவையில் ஆடப்பெற்ற இசைக் கூத்துக்களை ஆக்கி அளித்தலும் அவருடைய மற்றைப் பணிகள். சேக்சுப்பியரைக் கரைத்துக் குடித்த நம்மவருள்ளும் இவரை அறிந்தார் மிகச் சிலரே.

கம்பியன் 1567 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராய் இருந்தவர். அவர் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தாயார் மறுமணஞ் செய்துகொண்டார். நான்கு ஆண்டு செல்லுமுன் அவரும் மறைந்தார். தாயும் தந்தையும் இல்லாத சிறுவனை 1581 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பீற்றர்ஹவுஸ் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டு கற்றும் அவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1586 இல் கிறேய்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்தார், நியாயவாதியாகவும் ஆகவில்லை. ஆயினும் அக்காலத்துச் சட்டக் கழகங்கள் வெறுஞ் சட்டம் மாத்திரம் போதித்தவை அல்ல. நத்தார்க் காலத்தில் அங்கு நாடகமும் கூத்தும் களிநடனமும் நாட்கணக்கில் நடைபெறும். 1594 இல் கிறேய்ஸ் இன்னில் நிகழ்ந்த பெருவிழாவுக்குக் கம்பியன் பாட்டெழுதிக் கொடுத்தார். சட்டம் பயிலப் போனவர் கூத்துப் பயின்று வந்தார் என்பதே பொருத்தம்.

அந்நாளில் இங்கிலாந்திலே லூற் என்னும் நரம்புக் கருவிக்குப் பெருமதிப்பு இருந்தது. நம் வீணைக்கு ஒருவகையில் உறவுடையது அது. பேரிக்காயைப் பிளந்தாற்போன்ற வயிறும், பின்னோக்கி மடிந்த தலையும் உடையது. ஒருவர் அதனை மீட்டிக்கொண்டு தனியே பாடும் பாட்டை ‘ஏர்’ என்றனர். யோன் டௌலண்ட் என்னும் இசைவாணர் 1597 இல் இவ்வகைப் பாடல்களின் முதற் புத்தகத்தை வெளியிட்டபோது அதற்கு இலத்தீனிற் சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தவர் கம்பியனே. நாலாண்டு கழித்து, 1601 இல், கம்பியனும் அவர் நண்பர் பிலிப் றொசெற்றர் என்னும் லூற் வாசிப்பவரும் கூடி ஒரு பாடற் புத்தகம் வெளியிட்டனர். 42 பாடல்களிற் பாதி ஒருவருடையவை, பாதி மற்றவருடையவை. இந்த நட்பு இறுதிவரை நிலைத்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

டௌலண்ட் பெருங் கலைஞர், ஐயமில்லை. ஆனால் அவர் தம் பாடல்களுக்கு வேறு புலவர்தம் சொற்களை எடுத்துக்கொண்டவர். கம்பியனோ சொல்லும் இசையும் ஒருவர் கையிலிருந்தே பிறக்க வேண்டும் என்னும் கொள்கையர். சொல்லையும் சுரத்தையும் அன்புடைய கணவனும் மனைவியும் போலச் சேர்த்துவைப்பதே தமது நோக்கம் என்பது ஒரு பாடற் புத்தகத்தின் முன்னுரையில் அவர் கூறியதன் கருத்து. நெடில் வருமிடத்தில் இசையும் நீளும். குறில் வருமிடத்தில் இசையும் குறுகும். பொருள் திரும்புமிடத்தில் மெட்டுந் திரும்பும். அவருடைய பாட்டை வாய்விட்டுப் படித்தாற் போதும், பாதி மெட்டுத் தானே வந்துவிடும். வார்த்தையை உருக்குலைத்து மெட்டுக்குள் திணிக்கும் வித்துவான்களுடைய கச்சேரிகளிற் காது நொந்தவர்கள் இவர் அருமையை எளிதில் உணர்வார்கள்.

ஓசையளவில் இத்துணைக் கருத்துடைய ஒருவர் யாப்பைப் பற்றிப் பேசாதிருப்பாரா? 1602 இல் ஆங்கிலச் செய்யுட் கலையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதனால் எழுந்த பூசல் நம் போன்ற இலக்கண மாணாக்கர்க்குப் பெருவிருந்து. ஆங்கிலச் செய்யுளில் அடியின் இறுதிச் சொற்கள் ஒத்து ஒலிக்கும். நாம் இயைபுத் தொடை என்று கூறுவதற்கு நெருங்கியது அது. கம்பியன் அதனை ஒழித்துவிட வேண்டும் என்றார். கிரேக்கரும் உரோமரும் செய்ததுபோல அசைகளின் நெடுமை குறுமையை அளந்து அடி வகுப்பதே உயர்ந்த நெறி என்றார். அதற்கு எட்டுவகைப் பாவினங்களையும் எடுத்துக்காட்டுகளோடு வகுத்துத் தந்தார். இறுதி ஒப்புமைக்காகப் புலவன் கருத்தை இழுக்கின்றான் அல்லது வெட்டுகின்றான் என்பது அவர் குற்றச்சாட்டு. இதற்குக் கிரேக்கக் கதை ஒன்றைக் காட்டினார். புரோக்கிறஸ்தீசு என்னும் கள்வன் தன்னிடம் அகப்பட்டோரைக் கட்டிலிற் கிடத்துவான்; ஆள் குட்டையானால் இழுத்து நீட்டுவான்; நெட்டையானால் மிகுந்ததை வெட்டுவான். சொனற் என்னும் பதினான்கடிச் செய்யுளில் கருத்துக்கு நேர்வதும் இதுவே என்றார்.

தமிழ் யாப்பறிந்த நமக்கு இஃது ஏதோ நம் வீட்டுப் பேச்சுப் போலவே கேட்கின்றது. குறிலும் நெடிலும் கொண்டு நேரும் நிரையும் அமைத்து, அவற்றாற் சீரும் தளையும் வகுத்த மரபு நம்முடையது. ஆனால் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. தமிழில் அவ்வளவு மொழியின் இயல்பிலேயே கிடந்தது. இலக்கணம் அதனைக் கண்டு கூறிற்று. ஆங்கிலம் அசையழுத்தத்தால் நடக்கும் மொழி. அதற்கு நெடிலளவைச் சட்டமாக்குவது பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் மாட்டிக்கொள்வதனை ஒக்கும்.

இதனையே சாமுவேல் டானியேல் என்னும் மற்றொரு புலவர் கண்டு, மறு ஆண்டே ஒரு கண்டன நூல் எழுதினார். கண்டனம் என்றாலும் வசை இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் அதன் வழக்கமும் இயற்கையுமே சட்டம்; கிரேக்கர் வகுத்ததால் உலகம் முழுவதும் அதற்கு அடங்க வேண்டும் என்பது இல்லை; அவர்தம் சீர்களின் பெயரைக் கேட்டிராத சீனரை நாகரிகமற்றவர் என்று எவர் கூறத் துணிவார் என்று கேட்டார். சிறந்த கேள்வி. எதிர்நூல் எழுதிய பென் யோன்சனோ இருவரையுமே மறுத்துத் தாம் ஒரு நூல் செய்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார்; அந்நூல் கிடைத்திலது.

என் மதிப்பில் வாதத்திலே வென்றவர் டானியேல். கம்பியனைத் தோற்கடித்தவர் மற்றொருவரும் உளர், அவர் கம்பியனே. இயைபு வேண்டா என்று நூல் எழுதியவர், தம் வாழ்நாளில் இயற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலப் பாடல்களில் ஏறக்குறைய அனைத்தையும் இயைபோடேயே பாடினார். அந்த இலக்கண நூலில் லோரா என்னும் மங்கையை விளித்துப் பாடிய இயைபற்ற சிறு பாட்டொன்றே இன்றளவும் புலவோரால் விரும்பப்படுகின்றது. ஆயினும் அந்த நூல் வீணானது என்று நான் கொள்ளேன். அசையை அளந்து அளந்து பழகிய செவியன்றோ அந்தப் பாடல்களை ஆக்கிற்று? இலக்கணம் பிழைத்தாலும் இலக்கணப் பயிற்சி பிழைக்கவில்லை.

இவ்வாறு சட்டத்திலும் நிலையாமல், செய்யுளாலும் வயிறு வளர்க்க இயலாமல் இருந்தவர், தமது முப்பத்தெட்டாம் வயதளவில் மருத்துவரானார். பிரான்சு நாட்டு நோர்மண்டியில் உள்ள கான் நகரப் பல்கலைக்கழகத்தில் 1605 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்று, இலண்டனுக்கு மீண்டு தொழில் தொடங்கினார். அதுமுதல் அவருடைய நூல்களின் முகப்பிலே பெயருடன் மருத்துவப் பட்டமும் சேர்ந்து காணப்படும்.

இரண்டாண்டு கழியுமுன் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. யேம்ஸ் மன்னர் ஸ்கொற்லாந்திலிருந்து வந்து இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்திருந்த காலம் அது. ஸ்கொற்லாந்தியரான ஹே பிரபுவுக்கும் ஆங்கிலப் பெண் ஒருத்திக்கும் திருமணம். அதற்கு 1607 சனவரி 6 ஆந் திகதி இரவு வைற்ஹோல் அரண்மனையில் ‘மாஸ்க்’ ஒன்று நடத்த வேண்டும். மாஸ்க் என்பது பாட்டும் ஆட்டமும் வசனமும் காட்சிப் பொறிகளும் கலந்த அரசவைக் கூத்து. பாடுவோரும் பேசுவோரும் கூலிக்கு வந்த கலைஞர். வேடமணிந்து நடனமாடுவோரோ பிரபுக்களும் சீமாட்டிகளும். ஈற்றில் ஆடுவோர் இறங்கிச் சபையிலுள்ளாரைக் கைபிடித்து ஆட அழைப்பர். ஓர் இரவுக்காகப் பெரும் பொருள் செலவாகும். மறுநாள் எல்லாம் கலைந்துவிடும்.

கம்பியன் இதற்குக் கதை, வசனம், பாட்டு யாவும் எழுதினார். சில பாடல்களுக்கு இசையும் அமைத்தார். அப்பொல்லோவின் வீரர் ஒன்பதின்மர் சந்திரதேவியின் சினத்தாற் பொன்மரங்களாய் நிற்கின்றனர். சினம் தணிய, மரங்கள் பாட்டுக்கு இசைந்து அசைந்து ஆடி, நிலத்துள் அமிழ்ந்து பிளக்க, வீரர் வெளிப்படுகின்றனர். இசைக் கலைஞரை மண்டபத்தின் இருமருங்கிலும் மேலிடத்திலுமாகப் பிரித்து நிறுத்தி, ஒரு குழு பாட மற்றைக் குழு எதிரொலிக்கச் செய்தார். குரலும் கருவியும் சேர்ந்து மொத்தம் 42. எந்தப் பக்கத்தில் எத்தனை வயலின், எத்தனை லூற் என்பதையெல்லாம் பின்னர் அச்சிட்ட நூலிற் குறித்துவைத்துள்ளார். மருந்துப் பட்டியல் எழுதிய கை அல்லவா! அன்றிரவு மரங்களின் பொறி சரியாக இயங்கவில்லை. ஓவியனுடைய அறியாமையோ கவனக்குறைவோ சதியோ தெரியாது என்று அதையும் நூலோரத்திற் பதித்துவிட்டார். நாலு நூற்றாண்டு கடந்தும் அந்த மனக்குறை நமக்குக் கேட்கின்றது.

மருத்துவனுக்குக் கூத்து எதற்கு என்று அக்காலத்தும் சிலர் கேட்டிருத்தல் வேண்டும். ஏனெனில் இந்த நூலிலேயே அக்கேள்வியைத் தாமே எழுப்பி விடையிறுக்கும் ஒரு சிறு இலத்தீன் செய்யுளை அவர் சேர்த்திருக்கின்றார். பட்டம் பெற்ற மருத்துவன் விளையாட்டுப் பாட்டு எழுதலாமோ என்பது கேள்வி. அப்பொல்லோ தேவனே இசைவாணனும் மருத்துவனும் கவிஞனும் ஆவான். இன்சொல்லும் நோயாளிக்கு மருந்து. நல்ல பாட்டைச் சுவைக்க அறியாதவனிடம் மருத்துவனுக்குரிய மதிநுட்பமும் இராது என்னுங் கருத்துப்பட விடை கூறுகின்றார். தற்புகழ்ச்சிபோலத் தோன்றினாலும் ஆறாண்டின் பின் இதனை அவர் மேடையிலேயே நிறுவிக்காட்டினார்.

1612 நவெம்பரில் இளவரசர் ஹென்றி பதினெட்டு வயதிற் காலமானார். நாடே அழுதது, கம்பியன் இரங்கற் பாடல்கள் எழுத, கொப்பறாரியோ என்பார் இசையமைத்தார். அத்துயர் ஆறுமுன்னமே, 1613 பெப்ரவரி 14 ஆந் திகதி, இளவரசி எலிசபெத்துக்கும் செருமானியக் கோமகன் பிரடெரிக்குக்கும் திருமணம். அன்றிரவு ஆடப்பெற்ற ‘பிரபுக்களின் மாஸ்க்’ கம்பியனின் ஆக்கங்களில் தலையாயது. காட்சி அமைத்தவர் பெயர்பெற்ற சிற்பி இனிகோ யோன்ஸ்.

திரை விலகியதும் ஒரு குகை. அதில் உன்மத்தத்தின் தேவியாகிய மேனியா இருக்கின்றாள். கவியாவேசம் என்னும் ஒருவனையும் பித்தரோடு பித்தனாய் அவள் அடைத்து வைத்திருக்கின்றாள். இசைவல்ல ஓர்பியசு அவனை மீட்க வருகின்றான். குகையிலிருந்து ஆணும் பெண்ணுமாய்ப் பன்னிரு பித்தர் வெளிப்பட்டுத் துள்ளுகின்றனர். காதலால் பித்தானவன் ஒருவன். அச்சமும் துயரும் மேலிட்டவன் ஒருவன். உறக்கமின்றிப் பணங் காக்கும் வட்டிக்காரன் ஒருவன். கற்பனை தலைக்கேறிய கல்விமான் ஒருவன். (பண்டிதர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பதைச் சிறிது வெட்கத்துடன் ஒப்புகின்றோம்.) பேரிரைச்சலான மெட்டுக்கு அவர்கள் ஆடுகின்றனர். திடீரென மெட்டு மாறுகின்றது. மெல்லிய, கம்பீரமான பண் எழுகின்றது. ஓர்பியசு பேசப் பேசப் பித்தர் அடங்கி நீங்குகின்றனர். கவியாவேசம் விடுதலை பெறுகின்றது.

இதனை வெறும் அலங்காரம் என்று கழிப்பார் உளர். நான் அப்படி எண்ணவில்லை. ஒவ்வொரு பித்தரையும் நோயின் காரணங்கொண்டு பிரித்திருப்பதும், கவிஞனின் ஆவேசம் வேறு, உன்மத்த நோய் வேறு என்று தெளிவுபடுத்தியிருப்பதும், மருந்து கொடுக்குமாப்போலே இசையின் வேகத்தைக் குறைத்து நோயைத் தணித்திருப்பதும், நோயாளியின் படுக்கையருகே நின்ற ஒருவரின் வேலை. மகனைப் பறிகொடுத்து மூன்று மாதமே ஆன அரசனும் அரசியும் அக்கூத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பதையும் நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அதே ஆண்டு கம்பியனுக்கு வேறுவகையிலும் மறக்கொணாத ஆண்டாயிற்று. டிசெம்பர் 26 ஆந் திகதி, மன்னரின் பேரன்புக்குரிய சொமர்செற் பிரபு றொபேட் கார், பிரான்செஸ் ஹவார்ட் சீமாட்டியை மணந்தார். அதற்கும் மாஸ்க் எழுதியவர் கம்பியனே. சீமாட்டியின் முதல் திருமணம் அவ்வாண்டு செப்ரெம்பரில் அவதூறுகளுக்கிடையே நீக்கப்பட்டிருந்தது. இம்மணம் கூடாது என்று காரைத் தடுத்த நண்பர் சேர் தொமஸ் ஓவர்பரி ரவர் கோட்டையில் அடைக்கப்பட்டு, அதே மாதம் 15 ஆந் திகதி மாண்டார். நோயால் இறந்தார் என்றே உலகம் எண்ணிற்று.

இரண்டாண்டு கழித்து உண்மை வெளிப்பட்டது. சீமாட்டியின் ஏற்பாட்டில் உணவில் நஞ்சு கலந்து ஓவர்பரி கொல்லப்பட்டார் என்று வழக்கு எழுந்தது. விசாரணையின் நூல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்துவர, கோட்டைக் காவலதிபர் சேர் ஜேர்வாஸ் எல்வெஸ் அப்பதவியைப் பணங் கொடுத்துப் பெற்றார் என்பது தெரிந்தது. அவரைப் பரிந்துரைத்தவர் சேர் தொமஸ் மொன்சன். மொன்சனுக்காக 1400 பவுணைக் கைநீட்டி வாங்கிவந்தவர் மருத்துவர் கம்பியன்!

1615 ஒக்டோபரில் கம்பியன் விசாரிக்கப்பட்டார். பணத்தை வாங்கியது உண்மை. பாதி பொன்னாகவும் பாதி வெள்ளியாகவும் இருந்தது. எதற்காக என்பதை அறியேன் என்றார். நஞ்சு வழக்கிலே ஒரு மருத்துவர் பெயர் அடிபடுவது எத்துணை இடர் என்பதைச் சொல்ல வேண்டுமா? மருந்து விற்போன் ஒருவன் உட்பட நால்வர் தூக்கிலே தொங்கினர். அவருள் எல்வெசும் ஒருவர். பதவிகளைப் பணத்துக்கு விற்பது அன்று எங்கும் நடந்த காரியமாதலாலும், நஞ்சோடு அவரைத் தொடர்புபடுத்தும் சான்று எதுவும் இன்மையாலும் கம்பியன்மீது குற்றஞ் சாட்டப்படவில்லை. நஞ்சிட்ட சீமாட்டியும் அவள் கணவனுமோ மரணதண்டனை பெற்றும் மன்னரின் மன்னிப்பால் உயிர் தப்பி, 1622 இல் கோட்டையைவிட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய திருமணத்துக்காக எழுதிய வாழ்த்துப் பாடல்கள் அச்சில் நிலைத்துவிட்டன. அவற்றை இன்று படிப்போர் கொலைக்குற்றவாளிகளின் பெயர்களையே அங்குக் காண்கின்றனர்.

இந்த இடத்தில் கம்பியனின் குணத்தை நாம் கவனித்தல் தகும். மொன்சன் சிறையில் நோயுற்றார். பழி படர்ந்த ஒருவரைவிட்டு ஒதுங்கிக்கொள்வதே உலக வழக்கம். அதுவும் தம் பெயரே நூலிழையில் தப்பியிருக்கும்போது எவரும் ஒதுங்குவர். கம்பியனோ 1616 இல் அரசாங்க அனுமதியோடு மருத்துவராகக் கோட்டைக்குள் சென்று அவரைப் பார்த்தார். மொன்சன் விடுவிக்கப்பட்டு 1617 இல் மன்னிப்புப் பெற்றார். அந்நாளில் வெளிவந்த தமது மூன்றாம், நான்காம் பாடற் புத்தகங்களைக் கம்பியன் மொன்சனுக்கும் அவர் மகனுக்கும் உரிமையாக்கி, பழி நீங்கியதை மகிழ்ந்து பாடினார். பரிசிலுக்காகப் பாடியிருப்பார் என்று கூறுவார் கூறுக. அப்பொழுது மொன்சனிடமிருந்து பெறக்கூடியது பெரிதாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நான்காம் புத்தகத்தின் முன்னுரையில் தொழில்மணம் வீசும் உவமை ஒன்று உண்டு. மருந்து செய்வோரிடம் பொற்றகட்டுப் புத்தகம் இருக்கும். திறந்தால் மூச்சுக்காற்றுக்கே இதழ் பறக்கும். கைப்பக்குவம் அறிந்தவனுக்கோ அது அழகுக்கும் ஆகும், பயனுக்கும் ஆகும். தம் மெல்லிய பாடல்களும் அத்தகையவை என்கின்றார். தங்கரேக்கு ஒட்டிய மாத்திரையை நம் பரியாரிமாரிடம் வாங்கி உண்டவர்களுக்கு இதன் நயம் நன்கு விளங்கும்.

அவர் காலமான பின்னர் லூற் பாட்டுக்கும் மாஸ்குக்கும் இருந்த செல்வாக்கு மெல்ல மெல்லக் குறைந்தது. கம்பியனும் மறக்கப்பட்டார். 1889 இல் புல்லன் என்னும் அறிஞர் அவருடைய ஆக்கங்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த பின்னரே ஆங்கிலேயர் தம் வீட்டுப் புதையலைக் கண்டனர். ஏட்டுப் பிரதிகளைத் தேடியலைந்த பதிப்பாசிரியர்களின் அருமையை நாம் அறிவோம். புல்லனும் அத்தகைய ஒருவரே. 1933 இல் ரி. எஸ். எலியற், சேக்சுப்பியரை நீக்கிப் பார்த்தால் அக்காலத்து இயைபுப் பாடல்களில் கைதேர்ந்தவர் கம்பியனே என்று மதிப்பிட்டார். இயைபை ஒழிக்கப் புறப்பட்டவருக்குக் கிடைத்த புகழ் இது! இன்று அவருடைய பாடல்களை லூற் இசையோடு பாடிப் பதிவுசெய்வோர் பலர் உளர்.

கம்பியன் மணஞ் செய்துகொள்ளவில்லை. 1620 மார்ச் முதலாந் திகதி இலண்டனிற் காலமாகி, அன்றே பிளீற் வீதியிலுள்ள தூய டன்ஸ்ரன் கோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டார். மரண சாசனம் எழுத நேரமில்லை, வாய்மொழியாகவே சொன்னார். தம்முடைய உடைமை யாவும் பிலிப் றொசெற்றருக்கு உரியவை என்றும், அவை இன்னும் மிகுதியாய் இருந்திருக்கலாகாதா என்றும் சொல்லிக் கண்மூடினார். மூன்று அரசவைத் திருமணங்களுக்குக் கூத்து எழுதியவர் தம் நண்பருக்கு விட்டுச்சென்ற பொருளின் பெறுமதி 22 பவுண்.